ஒரே ஐபி, பின்னாடி மூணு சர்வர்: ரெண்டு வருஷமா எச்ஏபிராக்ஸி ஓட்டுற அனுபவம்

சைட்டுக்கு வர்றவங்களை பல சர்வருக்குப் பிரிச்சு அனுப்புற லோட் பேலன்சர் பெட்டிய காசு குடுத்து வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க அதுக்கு முன்னாடி, அதே வேலைய செய்யுற எச்ஏபிராக்ஸி (HAProxy) சாஃப்ட்வேர ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க. லினக்ஸ் கெர்னல்ல வேலை செஞ்ச வில்லி டாரோ 2001ல வெளியிட்டது, ஓப்பன் சோர்ஸ், பைசா கிடையாது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பப்ளிக் ஐபி, பின்னாடி மூணு வெப் சர்வர், வர்றதை எல்லாம் இதுதான் வாங்கி பிரிச்சு அனுப்புது.

மொதல்ல ரவுண்ட் ராபின் வெச்சிருந்தேன், வரிசையா ஆளுக்கு ஒண்ணு. ஆனா எங்க சைட்ல பெரிய ரிப்போர்ட் எடுக்கிறவங்க உண்டு, ஒண்ணு 40 செகண்ட் இழுக்கும், அப்படி நாலஞ்சு ஒரே சர்வர் தலையில விழுந்தா அது திணறுது, மத்தது சும்மா கெடக்கு. எதுல கனெக்ஷன் கம்மியோ அதுக்கு அனுப்புற லீஸ்ட்கான் போட்டதும் சரியாயிடுச்சு.

சர்வர் நல்லா இருக்கான்னு அப்பப்போ பாக்குற ஹெல்த் செக் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. செட்டிங் ஃபைல்ல சர்வர் வரியில 'செக்'னு (check) போடலேன்னா அது உயிரோட இருக்கான்னு பாக்கவே பாக்காது, போட்டாலும் போர்ட் திறந்திருக்கான்னு மட்டும்தான் பாக்கும். எங்க ரெண்டாவது சர்வர்ல ஒரு நாள் டேட்டாபேஸ் கனெக்ஷன் போய் வர்றவங்களுக்கெல்லாம் 500 எரர், எச்ஏபிராக்ஸியோட ஸ்டாட்ஸ் பேஜ்ல பாத்தா நல்லா இருக்குன்னு பச்சையா காட்டுது. அதுக்கும் மேல, எரர் சட்டுனு போயிடுறதால அந்த சர்வர்ல கனெக்ஷன் எப்பவும் கம்மி, லீஸ்ட்கான் அதுக்கே ஆளை அனுப்பிட்டு இருந்துச்சு! அப்புறம் டேட்டாபேஸ்ல ஒரு வரி படிச்சு பதில் சொல்ற சின்ன பேஜ் எழுதி, 'எச்டிடிபிசெக்' (httpchk) ஆப்ஷன்ல அதைக் குடுத்தேன், இப்போ செக் அந்த பேஜைத்தான் கேட்டுப் பாக்குது. எதுவும் மாத்தலேன்னா 2 செகண்டுக்கு ஒரு தடவை தட்டிப் பாக்கும், தொடர்ந்து 3 தடவை தப்பினா ஆளை வெளிய எடுத்துடும், 2 தடவை சரியா வந்தா திரும்ப சேத்துக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ட்ரெய்ன் (drain) மோட். பேட்ச் போடணும்னா ஒரு சர்வர ட்ரெய்ன்ல போடுறேன், புதுசா யாரையும் அனுப்பாது, உள்ள இருக்கிறவங்க வேலை முடிஞ்சு கிளம்பின அப்புறம் ரீபூட். முன்னாடி இதுக்காக ராத்திரி 2 மணிக்கு முழிச்சிருப்போம், இப்போ மதியமே முடிச்சுடுறோம்.

வர்றவங்களோட நிஜ ஐபிய பின்னாடி இருக்கிற சர்வருக்கு சொல்ற 'ஃபார்வர்ட்ஃபார்' (forwardfor) ஆப்ஷன் மறக்காம போடுங்க, இல்லேன்னா வெப் சர்வர் லாக்ல எல்லாரும் எச்ஏபிராக்ஸியோட ஒரே ஐபியா தெரிவாங்க. இன்னொண்ணு, எச்ஏபிராக்ஸி ஓடுற மெஷினே படுத்தா மூணு சர்வர் இருந்தும் பிரயோஜனமில்ல, அதனால ரெண்டு மெஷின்ல போட்டு கீப்அலைவ்ட் (keepalived)ங்கிற சாஃப்ட்வேரும் வெச்சிருக்கோம், ஒண்ணு போனா அதே ஐபிய அடுத்தது எடுத்துக்கும். போன மாசம் ஒரு எச்ஏபிராக்ஸி மெஷினோட பவர் கேபிளை புடுங்கியே பாத்தோம், நாலு செகண்டுக்குள்ள சைட் திரும்ப வந்துடுச்சு.