ரெட் சிஸ்கின் குருவி என்று நம்பி 18,000 ரூபாயை இழந்தேன், யாரும் ஏமாறாதீர்கள்

நேற்று மதியம்தான் விஷயம் உடைந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது 18,000 ரூபாய்.

மாடியில் வலையடித்த பெரிய கூண்டில் ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளை வளர்க்கிறேன். ரெட் சிஸ்கின் மேல் பல வருட ஆசை. வெனிசுலா, கொலம்பியா பக்கத்துக் குருவி, கருந்தலை, செந்நிற உடம்பு, சிவப்பு கேனரி என்ற கூண்டுப் பறவைக்கு அந்தச் சிவப்பே இதோடு இனம் கலந்துதான் வந்தது. பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் "ப்ரீடிங் ஜோடி 18,000" என்று பார்த்தேன். பாதிப் பணம் முன்னால், மீதி பறவை வந்ததும் என்றுதான் பேசினேன். வீடியோ காலில் விற்பவர் கூண்டைக் காட்டிக்கொண்டே இருந்தார், பின்னால் ஒரு குழந்தை "அப்பா, அதை விக்காதப்பா" என்று அழுதது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

ஆம்னி பஸ்ஸில் விடிகாலை மாட்டுத்தாவணிக்கு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டி ஓட்டை வழியாகச் சிவப்பு தெரிந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். சிஸ்கினுக்குப் பிடிக்குமே என்று பேயெள் வாங்கி வைத்திருந்தேன் (கடையில் நைஜர் என்பார்கள்), தொடவே இல்லை, தினையைத்தான் கொறித்தன. சிஸ்கின் திறந்த கிண்ணம் போலத்தான் கூடு கட்டும். இவை இரண்டும் இருட்டியதும் ஜீப்ராவின் மண் கலயத்துக்குள் நுழைந்து படுத்துக்கொண்டன. புது இடம், பயம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள், அதாவது நேற்று, குளிக்கத் தட்டில் தண்ணீர் வைத்தேன். ஆண் இறங்கி நான்கு முறை சிறகடித்தது, தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறிவிட்டது. கழுத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை. அது வெள்ளை பெங்காலீஸ் ஃபிஞ்ச் என்ற மலிவுக் குருவி! பெண் என்று தந்ததும் பெங்காலீஸ்தான், நெஞ்சில் ஆரஞ்சு பூசியிருக்கிறார்கள். சிஸ்கினுக்கு அலகு ஒல்லியாகக் கூராக இருக்கும், இவற்றுக்குத் தடித்த அலகு. சில நூறு ரூபாய்ப் பறவைக்கு 18,000.

போன் செய்தால் முதலில் "மோல்ட்டிங் சார், இறகு மாறுது" என்றார். தட்டின் படத்தை அனுப்பியதும் "பீட்ரூட் குடுத்திருப்பீங்க". அப்புறம் "பஸ்காரன் மாத்திட்டான்". கடைசியாக, "இது சைட்டஸ் பட்டியல்ல இருக்கிற பறவை, பேப்பர் இல்லாம வாங்கினது நீங்க, போலீசுக்குப் போனா உங்களுக்கும்தான் கேஸ்" (சைட்டஸ் என்பது அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்). அத்தோடு பிளாக். ஆப்காரர்களோ, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த ஆண் சாயம் ஏறிய இறகை ஓயாமல் கோதிக்கொண்டே இருக்கிறது, சாயம் வயிற்றுக்குள் போகுமே என்று எனக்கு மனம் பதறுகிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். ஈரப் பஞ்சால் இறகைத் துடைத்துப் பாருங்கள். காலில் மூடிய வளையம் (இணைப்பே இல்லாத முழு வட்டம்) இருக்கிறதா என்று கேளுங்கள், குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் அதை மாட்ட முடியும். சைட்டஸ் பட்டியல் பறவைக்கு 2024 விதிப்படி பரிவேஷ் என்ற மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்த பேப்பர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நான் அதைக் கேட்காமல் விட்டது பெரிய தப்பு. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நான் நான்கு நாள் கழித்துத்தான் அடித்தேன்.

அந்த விளம்பரம் இன்று காலையும் அதே படத்தோடு இருக்கிறது. விலை 16,000 ஆகியிருக்கிறது.