கார்டிசோலை இறக்குவது எது? ஹாலோபெரிடால், ஓலன்சபின், குவெட்டியபின்

மன அழுத்தம் வந்தால் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பும். அதைக் கண்டு பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி அதன் பேரில் அழுத்த ஹார்மோனான கார்டிசோலை இரத்தத்தில் விடும். இந்தச் சங்கிலியை ஹாலோபெரிடால், ஓலன்சபின், குவெட்டியபின் ஆகிய மனச்சிதைவு மருந்துகள் ஒரே மாதிரி தொடுவதில்லை.

ஹாலோபெரிடால் டோபமின் டி2 ஏற்பியை (மூளையில் டோபமினின் செய்தியை வாங்கும் புரதம்) இறுக்கமாக அடைக்கும். ஆனாலும் ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வேளை கொடுத்தால் கார்டிசோல் பெரிதாக அசைவதில்லை. ஓலன்சபினும் குவெட்டியபினும் அதை இறக்குகின்றன. அப்படியானால் காரணம் டி2 ஆக இருக்க வாய்ப்பு குறைவு. இவை இரண்டும் செரோட்டோனின் 2ஏ, ஹிஸ்டமின் ஹெச்1, ஆல்ஃபா1 ஏற்பிகளையும் அடைக்கும். சிஆர்ஹெச் சுரப்பைத் தூண்டுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

இரண்டுக்குள் வேறுபாடு கால அளவில். குவெட்டியபினின் அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகும் நேரம்) சுமார் 7 மணி நேரம், ஓலன்சபினுக்கு சுமார் 30. இரவில் போட்ட குவெட்டியபின் காலையில் பெருமளவு வடிந்திருக்கும். ஓலன்சபின் மறுநாளும் தங்கும். புகைபிடிப்பவர்களிடம் மட்டும் சீக்கிரம் கரையும்.

கார்டிசோல் குறைந்தால் எடையும் குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஓலன்சபின் பசியைத் தூண்டி எடையை ஏற்றுவதில் முன்னணியில் இருக்கிறது. கார்டிசோல் எண்ணை வைத்து மருந்தைத் தேர்வு செய்வது என் பார்வையில் வீண் வேலை.

ஒப்பிட அளந்தே ஆக வேண்டுமா? எச்சில் மாதிரி நல்லது. இரத்தத்தில் மொத்த கார்டிசோலைப் பார்த்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எண்ணைப் பொய்யாக உயர்த்தும். விழித்ததும் வரும் கார்டிசோல் ஏற்றத்தைப் பிடிக்க, விழித்த நொடியில் ஒன்று, பிறகு 30, 45 நிமிடங்களில் ஒவ்வொன்று. அதுவரை பல் துலக்கல், சாப்பாடு, சிகரெட் கூடாது; ஈறில் கசியும் இரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். பெரும்பாலும் சொதப்புவது முதல் மாதிரிதான். மாத்திரை மயக்கத்தில் கால் மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு எடுத்தால், கார்டிசோல் அதற்குள் ஏறத் தொடங்கியிருக்கும். ஏற்றம் தட்டையாகத் தெரியும், பழி மருந்தின் மேல் விழும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் கொடுத்து, கார்டிசோல் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. இரவு 11 மணிக்கு 1 மி.கி. கொடுத்து, காலை 8 மணிக்கு இரத்தக் கார்டிசோல் 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் வந்தால் அடங்கவில்லை என்று படிப்பார்கள். கூடவே வலிப்பு மருந்தான கார்பமசெபின் ஓடினால் டெக்ஸாமெத்தசோன் கல்லீரலிலேயே வேகமாகச் சிதைந்துவிடும்; கார்டிசோல் அடங்கவில்லை என்று பொய்யாகத் தெரியும். அதைப் பார்த்து எந்த மாத்திரையையும் சட்டென நிறுத்திவிடாதீர்கள்.