மனசை ஆற்ற வண்ணம்: வாட்டர்கலரா, அக்ரிலிக்கா?

சென்னை ராயபுரம், காசிமேடு பக்கம் சின்ன வீட்டில், உருவமில்லா ஓவியம் தீட்டி மனபாரம் இறக்க நினைப்பவர்களுக்கு:

செலவு: வாட்டர்கலரில் வண்ணம் துளி போதும், காசைத் தாளில் போடுங்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) கனத் தாளாக. மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். அக்ரிலிக் டியூப் சீக்கிரம் தீரும்; பழைய அட்டையே போதும்.

பிசகினால்: அக்ரிலிக் காய்ந்ததும் அதன் மேலேயே பூசலாம். கோபத்தைக் கொட்ட இதுதான் சரி. வாட்டர்கலரில் நீலமும் ஆரஞ்சும் ஈரத்தில் கலந்தால் சேறுதான். ஒவ்வோர் அடுக்கும் காயக் காத்திருக்க வேண்டும். படபடப்புக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பே நல்லது.

கடற்காற்று: ஈரத்தில் வாட்டர்கலர் தாள் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக்கோ ஃபேன் காற்றில் பிரஷ்ஷிலேயே இறுகும், உடனே கழுவுங்கள்.

தூக்கமே போய்விட்டால் வண்ணம் மட்டும் போதாது, ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போய் வாருங்கள்.