விங்ஸுக்கு எந்தப் பிடி: மேல்பிடியா, கீழ்பிடியா, ஹேமரா?

எந்த ஜிம்முக்குப் போனாலும், தொங்கி உடலை மேலே இழுக்கிற புல் அப் கம்பிக்குக் கீழே இந்தப் பஞ்சாயத்து ஒருமுறையாவது நடக்கும். விங்ஸ் (அக்குளுக்குக் கீழே முதுகின் இரண்டு பக்கமும் விரிகிற தசை) விரியணுமா, கையை நன்றாக அகட்டிப் பிடி என்பார் மாஸ்டர். உள்ளங்கை நம் முகத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்துவிட்டால் போச்சு, அது பைசெப்ஸுக்கு, அதாவது மேல்கையின் முன்பக்கத் தசைக்கு அடிப்பது என்று இறக்கிவிட்டுவிடுவார். நானும் அதை நம்பி இரண்டு வருடம் அகலப் பிடியில் 5 எண்ணிக்கையைத் தாண்ட முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தவன்தான்.

மாஸ்டர் சொன்னதில் பாதி சரி. பைசெப்ஸின் கீழ்முனை ஒட்டியிருப்பது முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற ரேடியஸ் எலும்பில். உள்ளங்கையைத் திருப்பினால் கூடவே திரும்புகிற எலும்பு அது. மேல்பிடியில், அதாவது புறங்கை நம்மைப் பார்க்கிற புல் அப் பிடியில், தசைநாண் அந்த எலும்பைச் சுற்றிக்கொள்வதால் பைசெப்ஸுக்கு இழுக்க வாகு கிடைப்பதில்லை. கீழ்பிடியில், அதாவது சின் அப்பில், நாண் பிரிந்து நேராகிவிடும், பைசெப்ஸ் முழு பலத்தோடு சேர்ந்துகொள்ளும். அதற்கு அடியில் கிடக்கிற பிரேக்கியாலிஸ் தசை ஒட்டியிருப்பதோ திரும்பாத அல்னா எலும்பில், நீங்கள் எப்படிப் பிடித்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற ஹேமர் பிடியில் முன்கையில் புடைத்துத் தெரிகிற பிரேக்கியோரேடியாலிஸ் தசைக்கு நல்ல வாகு.

சரி, முழங்கை கதை இது. விங்ஸ்? தசைமேல் மின்முனை ஒட்டி அது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிற இஎம்ஜி ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. புல் அப், சின் அப், சுழலும் கைப்பிடி என மூன்றையும் அளந்தார்கள். லேட்ஸ், அதாவது நம் விங்ஸ், மூன்றிலுமே 117 முதல் 130 சதவீதம் வரை போனது. (அசையாமல் முழு மூச்சாக இறுக்கும்போது பதிவாவதை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதால்தான் 100ஐத் தாண்டுகிறது, பயப்பட வேண்டாம்.) பிடியால் தெளிவாக மாறியது மற்ற தசைகள்தான். சின் அப்பில் பைசெப்ஸும் மார்பும் கூடுதல், புல் அப்பில் முதுகின் நடுவே கீழ்நோக்கி இறங்குகிற டிரப்பீசியஸின் அடிப்பகுதி கூடுதல். மார்பா என்று கேட்காதீர்கள், எனக்கும் ஆச்சரியம்தான், ஆனால் சின் அப்பில் மேல்கை முன்னாலிருந்து கீழே இறங்குவதை நினைத்துப் பார்த்தால் புரியும்.

உட்கார்ந்தபடி கம்பியைக் கீழே இழுக்கிற லேட் புல்டவுன் மெஷினில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அதே 2010இல் வந்த இன்னொரு ஆய்வில், அகலமோ குறுகலோ, மேல்பிடியில் லேட்ஸ் கீழ்பிடியைவிடக் கொஞ்சம் அதிகம் வேலை செய்தது. ஆக மெஷினில் மேல்பிடி என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அகலத்துக்குத்தான் வருவேன். 2014இல் தோள் அகலம், அதில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என மூன்று அகலங்களை 15 ஆண்களிடம் சோதித்தபோது, கீழே இழுக்கும் கட்டத்தில் லேட்ஸில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஆனால் 6 முறை இழுக்க முடிகிற எடை, மிக அகலமான பிடியில் மட்டும் குறைந்துவிட்டது! போதாததற்கு, கையை அகட்ட அகட்ட இழுக்கிற தூரமும் சுருங்குகிறது. எடையும் குறைந்து தூரமும் குறைந்தால் விங்ஸ் எதற்காக விரியும்?

இன்னொன்று, இஎம்ஜியில் அளவு கூடினால் தசை அதே அளவு வளரும் என்று அர்த்தமில்லை. சின்னச் சின்ன சதவீத வித்தியாசத்தைவிட, வலியில்லாமல் எந்தப் பிடியில் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போக முடிகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். புதிதாக வருபவருக்கு அது பெரும்பாலும் சின் அப், ஏனென்றால் பைசெப்ஸ் கைகொடுக்கிறது. அமெரிக்க மரைன் படையின் உடல்தகுதித் தேர்விலேயே இரண்டு பிடிக்கும் அனுமதி உண்டு, நம்ம ஜிம்மில் மட்டும்தான் கேலி. ஆனால் நேர்க்கம்பியில் கீழ்பிடி முன்கையை ஒரேயடியாகத் திருப்பி வைத்துவிடும், எனக்கு நாலாவது மாதமே முழங்கையின் உள்பக்கம் குத்த ஆரம்பித்தது. ஹேமர் பிடிக்கு மாறினேன், குறைந்தது. இப்போதும் அதுதான் என் முதல் சாய்ஸ், ஆனால் அந்தக் கைப்பிடி எல்லாக் கம்பியிலும் இருக்காது. போலீஸ் தேர்வுக்குக் கயிறு ஏறப் பழகுகிறவர்கள் கம்பியில் இரண்டு துண்டைப் போட்டுத் தொங்கினாலே போதும், கயிற்றைப் பிடிப்பதும் கிட்டத்தட்ட இதே பிடிதான்.

படுத்தபடி எடையை மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸுக்கு ஒரே வரி: குறுக்கிப் பிடித்தால் மேல்கையின் பின்பக்க டிரைசெப்ஸுக்கு வேலை கூடும், மார்புக்கு அவ்வளவு மாற்றமில்லை.

தரையிலிருந்து எடையைத் தூக்குகிற டெட்லிஃப்ட் தனிக் கேஸ். அங்கே பிடியை மாற்றுவது தசைக்காக இல்லை, கம்பி நழுவாமல் இருக்கத்தான். ஒரு கை மேல்பிடி, ஒரு கை கீழ்பிடி என்று கலந்து பிடித்தால் கம்பி உருளாது, எடையும் ஏறும், ஆனால் பைசெப்ஸ் நாண் அறுந்துபோகிற ஆபத்து இருப்பது கீழ்பிடியில் இருக்கிற அந்தக் கைக்குத்தான், அதுவும் முழங்கையை மடக்கி இழுக்கப் பார்த்தால் இன்னும் மோசம். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் பூட்டுகிற ஹூக் பிடியில் அந்தப் பயம் இல்லை. முதல் சில வாரம் கட்டைவிரல் உங்களைத் திட்டும், அவ்வளவுதான்.