தமிழ் 99 விசைப்பலகையில் கதை எழுதுவது: சில வருட அனுபவம்

எழுதுகிறவர்கள் பேனாவைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். விசைப்பலகை என்றால் மட்டும் ‘அது டைப் அடிக்கிறவங்க சமாச்சாரம்’ என்று நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அப்படி நகர வழியில்லை. பெங்களூரில் பகல் முழுக்க ஆங்கில மின்னஞ்சல், கடைத்தெருவில் கன்னடம். தமிழில் நான் எழுதுவதெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விசைப்பலகையில்தான்.

முன்பு எல்லோரையும் போல ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான் வைத்திருந்தேன். வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘கண்ணன்’ என்று எழுத ஷிப்டோடு ஒரு என், மறுபடி ஷிப்டோடு ஒரு என், அப்புறம் ஷிப்ட் இல்லாத என் என்று மனசு ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பாத ராத்திரிகள் உண்டு. அன்றைக்கு எழுதிய கதையில் கோலார் தங்கவயல் பாட்டிகூட ஆங்கில நாவலில் வருகிறவள் மாதிரி தோளைக் குலுக்குவாள்.

அதனால்தான் தமிழ் 99-க்கு மாறினேன். அது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 என்ற தமிழ்க் கணினி மாநாட்டை ஒட்டி வந்து, அதே ஆண்டு தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அமைப்பு. 12 உயிர், 18 மெய், புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒன்று, ஆக 31 விசைகள். ஷிப்டைத் தொடாமலே 247 எழுத்தும் வந்துவிடும். உயிரெல்லாம் இடக்கைக்கு. மெய்யில் வ, ங இரண்டும் போக மற்றவை வலக்கைக்கு. க தட்டி இ தட்டினால் கி.

இதில் என்னை மயக்கியது தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி விழுந்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று ஜோடி சேர்ந்தாலும் அப்படியே. ‘தந்தை’க்கு நாலே தட்டு: த, ந, த, ஐ. தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்த வேலை இது.

இதற்கு விலையாக லலிதா வந்து சேர்ந்தாள். என் கதையொன்றின் நாயகி. நேராக அடித்தால் ‘ல்லிதா’ ஆகிவிடுவாள். நடுவில் அ விசையைத் தட்டினால்தான் புள்ளி விழாது: ல, அ, ல, இ, த, ஆ. சசிக்கும் மமதைக்கும் பப்பாளிக்கும் இதே வைத்தியம். பேரையே மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது விரல் தானாக அங்கே போய்விடுகிறது.

தீராத தொல்லை கிரந்த எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிப்டோடு மேல் வரிசையில் இருக்கின்றன. மதுரைக் கதை எழுதுகிறவருக்கு இது பெரிதில்லை. பெங்களூர்க் கதையில் ஆள் பஸ் ஏறினாலே ஷிப்ட்தான்: மெஜஸ்டிக், ஜெயநகர், ராஜாஜிநகர், ஹெப்பாள். என் சுண்டுவிரலுக்கு இந்த ஊர் பஸ் ரூட் எல்லாம் மனப்பாடம்.

பழகும்போது, கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் விசைகளுக்கு ஒட்ட ஸ்டிக்கர் தேடினேன். கன்னடம் கிடைத்தது, தமிழ் கிடைக்கவில்லை. படத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். கையைப் பார்க்காமல் பழகியதால் அதுவே நல்லதாகப் போயிற்று. முதல் சில வாரங்கள் கொடுமைதான். ஒரு பத்தி முடிப்பதற்குள் கதை ஆறிவிடும். கையில் நாவல் பாதியில் நிற்கும்போது மாறாதீர்கள்.

அலுவலகத்தில் கன்னடக் கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர், கே.பி. ராவ் என்பவர் வடிவமைத்த கன்னட விசைப்பலகை அமைப்பில் அடிக்கிறார். அதில் ஆங்கில எழுத்தின் ஒலியை ஒட்டியே கன்னட எழுத்து. ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டிலுமே மெய்யாக்குகிற குறி எஃப் விசையில்தான் இருந்தது. அல்சூரில் தமிழ்ச் சங்கத்துப் பக்கம் பழக்கமான பெரியவர் ஒருவர், பழைய தட்டச்சுக்காரர். “கொம்பை முதல்ல போடாம ‘கெ’ எப்படிப்பா வரும்?” என்றார். “க போட்டு எ போட்டா வந்துடும்யா” என்றேன். அடித்துப் பார்த்துவிட்டு, “நம்ம கைக்கு இது ஆகாது” என்று எழுந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்கிற தமிழ் அடிக்கும் மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது, இலவசம்தான்.

அலுவலக மடிக்கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேக்கில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் வந்துவிட்டது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எழுத்தில் என்ன மாறியது என்று கேட்டால், ர-ற, ன-ண, ல-ள குழப்பம் நன்றாகக் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விசை, தனி இடம். உரையாடல் காதில் விழுகிறபடியே இறங்குகிறது. பாட்டி தோள் குலுக்குவதை நிறுத்திவிட்டாள். சந்திப்பிழை மட்டும் அப்படியேதான். ‘கதை சொன்னான்’ என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்று எந்த விசைப்பலகையும் சொல்லித்தராது. யூனிகோடில் அனுப்பிய பிரதியைச் சில அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகின்றன. அங்கே கொம்பும் காலும் இடம் மாறினால் அதற்கும் மருந்தில்லை. மெய்ப்பை வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

கைபேசியில் எனக்கு ஒத்துவரவில்லை. 31 விசையும் அந்தச் சின்னத் திரையில் நெருக்கியடிக்கின்றன, இரண்டு கையும் மாறி மாறி ஓடுகிற சுகம் கட்டைவிரலுக்கு இல்லை. மெட்ரோவில் தோன்றுகிற வரியைக் குரலில் சொல்லி வைத்துக்கொண்டு வீட்டில் திரும்ப அடிக்கிறேன். மாதத்துக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதுகிறவர் இதற்காக மெனக்கெட வேண்டாம். தினமும் ஒரு பக்கமாவது எழுதுகிறவர் என்றால், ஒரு கதையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதற்கு முன் மாறிப் பாருங்கள்.