ஹோம் அசிஸ்டன்ட்: ஃபைல் எடிட்டரா, ஸ்டுடியோ கோட் சர்வரா?

ஏற்காட்டு வீட்டின் போர்வெல் மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் சேலத்தில் இருந்தபடியே கவனித்துக்கொள்வதற்காக, அங்கே ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில், வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறோம். பெரும்பாலான அமைப்புகளைத் திரையில் தட்டியே முடித்துவிடலாம் என்றாலும், சிக்கலான டெம்ப்ளேட் சென்சார் (வேறு அளவுகளிலிருந்து ஒரு மதிப்பைக் கணக்கிடுவது), பேக்கேஜ் (தொடர்புள்ள அமைப்புகளின் தொகுப்பு) என்று போகும்போது, அமைப்புகளை எழுத்தாக வைத்திருக்கும் யாமல் (YAML) கோப்புகளில் கை வைத்தே ஆக வேண்டும். அவற்றை பிரவுசரிலேயே திருத்த, ஃபைல் எடிட்டர், ஸ்டுடியோ கோட் சர்வர் என்ற இரண்டு ஆட்-ஆன்கள் (ஹோம் அசிஸ்டன்ட்டோடு சேர்த்து நிறுவும் கூடுதல் செயலிகள்) பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. இரண்டையும் பயன்படுத்திய பிறகு நான் இரண்டாவதையே வைத்துக்கொண்டேன்.

நிறுவுவதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இரண்டும் ஹோம் அசிஸ்டன்ட்டின் லாகின் வழியாகவே திறப்பதால், தனி போர்ட் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. முழு ஓஎஸ் இல்லாமல், ஹோம் அசிஸ்டன்ட்டை டாக்கர் என்ற மென்பொருளில் கன்டெய்னராக (தனித்து ஓடும் ஒரு பொதியாக) மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஆட்-ஆன் வசதி கிடையாது. அவர்கள் எடிட்டரையும் தனி கன்டெய்னராக ஓட்டி, கடவுச்சொல் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நிறுத்திவைக்க வேண்டும். சீக்ரெட்ஸ் கோப்பில் எழுதிவைக்கும் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கிடப்பவை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃபைல் எடிட்டர் எடை குறைந்தது. மலையில் மொபைல் டேட்டா மந்தமாக இருக்கும்போதும் சட்டெனத் திறக்கும். ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் கைபேசியிலேயே முடித்துவிடலாம். டேபும் ஸ்பேஸும் கலந்துவிட்டால், கோப்பு சரி என்று காட்டும் பச்சை டிக் மறைந்து எச்சரிக்கைக் குறி வந்துவிடுகிறது. ஆனால் அந்த டிக் யாமல் முறையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். தொட்டிக்குள் நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஈரத்திலேயே வாழ்கிறது, என்றாவது ஒருநாள் அதை மாற்றியே ஆக வேண்டும். புதிய சென்சார் புதிய என்டிட்டி பெயரோடு (ஒவ்வொரு கருவிக்கும் அளவுக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டில் உள்ள அடையாளப் பெயர்) வரும். பழைய பெயரோ மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேஷனில் ஒன்று, சதவீதம் கணக்கிடும் டெம்ப்ளேட்டில் ஒன்று, கைபேசிக்குப் போகும் எச்சரிக்கையில் ஒன்று என்று வெவ்வேறு கோப்புகளில் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் 'கான்ஃபிகரேஷன் சரிபார்' பொத்தான் தடுக்காது, ஏனென்றால் அந்தப் பெயரில் ஒரு என்டிட்டி உண்மையில் இருக்கிறதா என்று அது தேடுவதில்லை. ஆட்டோமேஷனும் பிழை எதுவும் காட்டாது. தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய சென்சாருக்குப் பழைய பெயரையே சூட்டிவிடலாமே என்று கேட்கலாம். பழையது சென்டிமீட்டரிலும் புதியது மீட்டரிலும் அளவு தந்தால், அப்போதும் அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் பார்த்தாக வேண்டும்.

ஸ்டுடியோ கோட் சர்வரில் இடப்பக்கத் தேடலில் பழைய பெயரைத் தட்டினால், எல்லாக் கோப்புகளிலும் அது வரும் வரிகள் ஒரே பட்டியலாக வந்து நிற்கின்றன, அங்கிருந்தே மாற்றியும்விடலாம். ஃபைல் எடிட்டரில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துதான் தேட வேண்டும். அதோடு, தட்டச்சு செய்யும்போதே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பிலுள்ள என்டிட்டி பெயர்களை ஸ்டுடியோ கோட் சர்வர் வரிசையாகக் காட்டுகிறது. மோட்டாருக்கும் தொட்டிக்கும் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில், வீட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய துணை. ஃபைல் எடிட்டரிலும் என்டிட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் உண்டு, ஆனால் எழுதும் இடத்தில் அது தானாக வந்து நிற்பதில்லை.

நினைவகத்தைப் பொறுத்தவரை என் அனுபவம் 4 ஜிபி பலகையோடு நின்றுவிடுகிறது. ஸ்டுடியோ கோட் சர்வர் நினைவகத்தை நிறையவே எடுத்துக்கொள்வதால், 1 ஜிபி பலகை வைத்திருப்பவருக்கு அதைத் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன். 32 பிட் ஓஎஸ்ஸில் அது ஓடவே ஓடாது. மற்றவர்கள் ஆட்-ஆனின் தகவல் பக்கத்தில், பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும் தேர்வை அணைத்துவிட்டு, கோப்பைத் திருத்தும் நேரத்தில் மட்டும் அதை இயக்கி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.