மாதாமாதம் கழியும் அறியாத டாலர் சந்தா: ஓடிபி வராததே உங்கள் சான்று

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள், குறிப்பாக எப்போதாவது ஒரு முறை வெளிநாட்டு இணையதளத்தில் சிறு தொகை செலுத்தியவர்கள், தங்களுடைய கடந்த சில மாத ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து வரிவரியாகப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடும் நம்முடைய பழக்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

என் ஸ்டேட்மென்ட்டில், எந்த அர்த்தமும் தராத ஒரு சுருக்கப் பெயர், அதை ஒட்டி ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி எண், முப்பது டாலருக்குச் சற்றுக் குறைந்த தொகை, அதற்கு ஈடான ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே அந்நியச் செலாவணி மார்க்அப் கட்டணம், அதாவது வெளிநாட்டு நாணயப் பரிமாற்றத்துக்காக வங்கி கூடுதலாக வசூலிப்பது, ஒரு வரி, அந்த மார்க்அப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு வரி. முந்தைய மாத ஸ்டேட்மென்ட்டிலும் இதே மூன்று வரிகள் இருந்தன. வாங்கிய தளத்தின் பெயர் ஒன்றாகவும் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பது சாதாரணம் என்பதால், பெயரை வைத்து எதையும் அடையாளம் காண முடியவில்லை.

இந்த இடத்தில் பலரும் அந்தப் பெயரை அப்படியே இணையத்தில் தேடுவார்கள். தேடுவதில் தவறில்லை, ஆனால் தேடலில் வந்து நிற்கும் ‘ரீஃபண்ட் உதவி’ எண்களை அழைத்துவிடாதீர்கள். அவற்றில் போலி எண்கள் ஏராளம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கார்டு எண்ணையும் ஓடிபியையும் கேட்பார்கள், அல்லது செல்பேசித் திரையைத் தங்கள் பக்கம் காட்டும் செயலியை நிறுவச் சொல்வார்கள். முதல் ஏமாற்று இரண்டாயிரம் சொச்சம் என்றால் இரண்டாவது கணக்கையே துடைத்துவிடும். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

பழைய ஸ்டேட்மென்ட்டில் இருந்த ஒரு சிறிய டாலர் தொகையையும் மின்னஞ்சலையும் ஒப்பிட்டபோது விஷயம் விளங்கியது. என் அண்ணன் மகன் வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக ரெஸ்யூமே தயாரித்த தளம் அது. மாதிரிகள் இலவசம், விவரங்களை நிரப்புவது இலவசம். எல்லாம் முடிந்து பதிவிறக்கப் போகும் கடைசிக் கட்டத்தில்தான் ஒரு டாலரைச் சற்றே தாண்டிய கட்டணம் கேட்கப்படுகிறது. அதே பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். பணம் செலுத்தும் பொத்தான் பளிச்சென்ற பச்சையில் இருக்கிறது. 14 நாட்களுக்குப் பிறகு முழு மாதச் சந்தா தொடங்கும் என்ற வாசகம் அதற்கும் வெகு கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், செல்பேசியில் திரையை நகர்த்தினால் மட்டுமே கண்ணில் படும்படி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிடப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் சந்தாப் பொறியும் ஒன்று. இந்தியாவில் சேவை வழங்கும் தளங்களுக்கு அது பொருந்தும்தான். இங்கே அலுவலகமே இல்லாத ஒரு நிறுவனத்திடம் அதைக் காட்டி என்ன பெற முடியும் என்பது வேறு கேள்வி.

தளத்தைவிட அதிகமாக என்னைக் கோபப்படுத்தியது வங்கிதான். வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசியவர், “ஓடிபி இல்லாமல் கழிந்திருக்கிறது என்றால் நீங்கள் முன்பே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் மேடம், அந்தக் கம்பெனியிடமே பேசிக்கொள்ளுங்கள்” என்றார். மேலாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவரும் அதையே சற்று நயமாகச் சொன்னார். இந்தப் பதில் தவறு. இதை நம்பித்தான் பெரும்பாலானோர் ஓய்ந்துபோகிறார்கள்.

இந்தியக் கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிமுறை வகுத்தது. அதற்கு உட்படாத வசூல் எதுவும், உள்நாடாக இருந்தாலும் வெளிநாடாக இருந்தாலும், 2021 செப்டம்பர் 30-க்கு மேல் தொடரக் கூடாது என்றும் அறிவித்தது. அதன்படி வாடிக்கையாளர் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்புடன் இ-மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் கழிக்க முன்கூட்டியே தரும் மின்னணு அனுமதியை, பதிவு செய்திருக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும்; அந்தத் தகவலிலிருந்தே வேண்டாம் என்று விலகவும் வழி இருக்க வேண்டும். பதிவான பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பதுதான் 2022 ஜூன் முதல் உள்ள சலுகை. என் வங்கிச் செயலியில் இ-மேண்டேட் பட்டியல் காலியாக இருந்தது. முன்தகவல் ஒன்றுகூட வரவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலேயே கார்டில் பணம் எடுக்க முடிவதால், சந்தாவை ஒவ்வொரு மாதமும் புதிய தனி வாங்குதலைப் போல அனுப்பிவிட இயலும். அப்படியானால் அந்தத் தனி வாங்குதலுக்கு நான் ஒப்புதல் அளித்ததாக வங்கிதான் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்படாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்த 2017 ஜூலை 6 சுற்றறிக்கை நிரூபிக்கும் பொறுப்பை வங்கியின் மேல்தான் வைக்கிறது. இந்த வாதத்தை மின்னஞ்சலில், காலியான பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்குப் புகார் எண்ணே கிடைத்தது.

புகாரை எந்த வகையில் பதிவு செய்கிறோம் என்பது மிக முக்கியம். ‘இந்தத் தளத்தையே அறியேன்’ என்று எழுதினால், முதல் கட்டணத்தின் ரசீதையும் நம் மின்னஞ்சல் முகவரியையும் அந்த நிறுவனம் அனுப்பிவைக்கும். புகார் அத்துடன் முடிந்துவிடும். முதல் சிறு தொகைக்கு மட்டுமே ஒப்புதல் தந்தேன், அதன் பின் வந்த எதற்கும் தரவில்லை, சந்தாவை ரத்து செய்துவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் ரத்து செய்த பின்னும் தொடரும் சந்தாவுக்கென்று தனி சார்ஜ்பேக் (வங்கி மூலம் வணிகரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறும் முறை) வகை உண்டு. அதற்காகவே தளத்தில் நுழைந்து ரத்து செய்தேன். பாதி விலைக்குத் தருகிறோம், சில மாதம் நிறுத்தி வைக்கிறோம் என்று பக்கத்துக்குப் பக்கம் கெஞ்சிவிட்டு, கடைசியில்தான் ரத்து எண் ஒன்று வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

கால அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2017 சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ நம் மீதோ தவறில்லாதபோது, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு நம் இழப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதாவது இத்தகைய சிறு தொகை முழுவதும் நம் தலையில் விழக்கூடும். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. இந்த நாட்கள் குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்தே எண்ணப்படலாம், ஸ்டேட்மென்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். புகாரில் உள்ள தொகையைக் கட்டாமல் விடுவதானால், அதற்கு வட்டியோ தாமதக் கட்டணமோ இல்லை என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையேல் சிபில் மதிப்பெண் அடிபடும்.

கார்டை முடக்கிப் புதியது வாங்கினால் போதும் என்று சேவை மையத்தில் சொல்வார்கள். புதிய கார்டு விவரத்தை வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவைகளை விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்துவதால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை அணைத்துவிடுவதுதான் உடனடித் தடுப்பு. அந்த வசதியைக் கிரெடிட், டெபிட் கார்டுகளுக்குத் தர வேண்டும் என்பது 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு. நான் அணைத்த அடுத்த மாதமும் அந்தத் தளம் முயன்றது. நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

இரண்டு சந்தாத் தொகைகளும் திரும்ப வந்துவிட்டன. மார்க்அப்பும் அதன் ஜிஎஸ்டியும் வரவில்லை. அது பரிமாற்றச் சேவைக்கான கட்டணம், திருப்பித் தர இயலாது என்கிறது வங்கி. அங்கீகாரமில்லாத பரிவர்த்தனை என்று வங்கியே ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு எந்தச் சேவைக்குக் கட்டணம் என்று கேட்டு முதன்மைக் குறைதீர் அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் இதே பாட்டாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான மனுவையும் எழுதி வைத்திருக்கிறேன்.